'அலதி' என்றால் செங்குத்தா, கடலா? ஒரு லூவியச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நூலகக் கூட்டத்தில் ட்ராய் நகரத்தைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் ஒரு பழைய லூவிய மொழிப் பாட்டின் ஒற்றை வரியைச் சொன்னேன். "செங்குத்தான விலுஸாவிலிருந்து அவர்கள் வந்தபோது" என்பது அந்த வரி. விலுஸா என்பது ட்ராய்தான் என்று பலரும் கருதுகிறார்கள். 'செங்குத்தான' என்று நான் சொன்ன இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் 'அலதி', அதன் பொருள் உறுதியில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆரம்பித்த கேள்விகள் இன்றுவரை நிற்கவில்லை. ட்ராய் பற்றி யாரும் கேட்பதில்லை, அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

லூவியம் என்று ஒரு மொழியா? கேள்விப்பட்டதே இல்லையே!

இன்றைய துருக்கியின் தெற்கிலும் மேற்கிலும் பேசப்பட்டு மறைந்த மொழி. ஹிட்டைட் மொழிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் அனதோலியக் கிளையைச் சேர்ந்தவை. ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்துஸாவில், அதாவது துருக்கியின் போகாஸ்கோய் என்ற ஊரில், 1906இல் அகழாய்வு தொடங்கியபோது ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஹிட்டைட் மொழியில் இருந்தாலும் சில சடங்குப் பலகைகளின் நடுவில் லூவியப் பகுதிகள் வருகின்றன.

லூவியத்தை இரண்டு எழுத்துமுறைகளில் எழுதினார்கள். ஒன்று மெசொபொத்தேமியாவிலிருந்து வந்த ஆப்பெழுத்து. இன்னொன்று அவர்கள் மண்ணிலேயே பிறந்த சித்திர எழுத்து. இது பாறைகளிலும் முத்திரைகளிலும் கிடைக்கிறது. பேரரசு விழுந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும், கி.மு. 700 வரை, சித்திர எழுத்தில் லூவியக் கல்வெட்டுகள் வெட்டினார்கள். நம் சொல் வருவது ஆப்பெழுத்துப் பலகை ஒன்றில்.

அந்த வரியை அப்படியே காட்ட முடியுமா?

முடியும். தமிழ் எழுத்தில் ஏறக்குறைய இப்படி வரும்: "அஹ்ஹ-த-த அலதி அவியெந்த விலுஸதி." சொல்லுக்குச் சொல் பிரித்தால், 'அஹ்ஹ' என்பது '-போது'. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் 'த-த' இரண்டும் சிறு ஒட்டுகள், அவற்றில் ஒன்று 'அவர்கள்' என்று நிற்கிறது. 'அவியெந்த' என்றால் 'வந்தார்கள்'. 'விலுஸதி' என்றால் 'விலுஸாவிலிருந்து'. மிச்சம் இருப்பது 'அலதி'.

இஸ்தனுவா என்ற ஊரின் வழிபாட்டைப் பதிந்த பலகை அது. சடங்குக் குறிப்புகள் ஹிட்டைட் மொழியில் இருக்கின்றன, பாட வேண்டியது மட்டும் லூவியத்தில். இன்ன தெய்வத்துக்கு இதைச் செய், இந்தப் பாட்டைப் பாடு என்று போகிறது. பாட்டின் முதலடியை மட்டும் எழுதி விட்டுவிட்டார்கள் என்றே பலரும் கருதுகிறார்கள். பாடுகிறவர்களுக்கு மீதி மனப்பாடம். நாமும் ஒரு பதிகத்தை முதலடி சொல்லித்தானே குறிப்பிடுகிறோம்? அந்த வசதி அவர்களுக்கு இருந்தது. மீதிப் பாட்டு இல்லாமல் தவிப்பது நாம்.

அதற்கு முந்தைய வரியில் 'சுவஸுனா தெய்வத்தைக் குடிக்கிறான்' என்று வருவதாகச் சொன்னீர்கள். மொழிபெயர்ப்புப் பிழையா?

பிழை இல்லை. ஹிட்டைட் சடங்குகளில் இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வரும். தெய்வத்தின் பெயருக்கு இரண்டாம் வேற்றுமை உருபு போட்டு, 'குடிக்கிறான்' என்ற வினையோடு முடிப்பார்கள். தெய்வத்தின் பெயரைச் சொல்லி, அதற்காகக் குடிக்கிறான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். தெய்வத்தின் ஆற்றலையே பானத்தோடு உட்கொள்கிறான் என்று சொல்வோரும் உண்டு.

இதை இங்கே சேர்க்கக் காரணம் இருக்கிறது. 'தெய்வம்', 'குடி' என்ற இரண்டு சொற்களுக்கும் பொருள் சந்தேகமில்லாமல் தெரியும். அப்படியிருந்தும் தொடரின் பொருளில் சண்டை நடக்கிறது. 'அலதி'க்கு வரும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

மற்ற சொற்களுக்கெல்லாம் பொருள் தெரிகிறது. இது ஒன்றுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

மற்றவை அடிக்கடி வருகின்றன, இது அரிதாக வருகிறது. 'வா' என்ற வினை பல இடங்களில், பல வடிவங்களில் வரும். ஓரிடத்தில் தவறாக ஊகித்தால் அடுத்த இடம் திருத்திவிடும். ஒரு சில இடங்களில் மட்டும், அதுவும் உடைந்த வரிகளில் வரும் சொல்லுக்கு அப்படித் திருத்த ஆள் இல்லை.

யாருக்கும் புரியாதிருந்த ஹிட்டைட் மொழியை 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி திறந்த கதையைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் 'அப்பம்' என்பதற்கான சுமேரியக் குறி இருந்தது. அதன் பொருள் முன்பே தெரியும். அப்பத்தின் பக்கத்தில் 'எத்ஸ-' என்று தொடங்கும் வினை இருந்தால் அது 'உண்' ஆகத்தான் இருக்க வேண்டும். அடுத்த பாதியில் 'வாதர்' என்று ஒரு சொல். அது நீராக இருந்தால் பக்கத்து வினை 'குடி'. தெரிந்த ஒரு சொல் கொக்கியாக நின்று மற்றவற்றை இழுத்துவந்தது. 'அலதி'க்குப் பக்கத்திலோ அப்படிக் கொக்கி இல்லை. எங்கிருந்தோ வந்தார்கள் என்றால் மலையிலிருந்தும் வரலாம், கடலிலிருந்தும் வரலாம், வயலிலிருந்தும் வரலாம்.

தமிழில் எண்ணிப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுக்குப் பிறகு தமிழில் 'மா' வரும் வரி ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலங்கா, குதிரையா, மாமரமா, பெரியதா, கரியதா? உரையாசிரியர் இல்லாமல் யார் சொல்ல முடியும்?

சரி, 'செங்குத்தான' என்ற பொருள் எங்கிருந்துதான் வந்தது?

கல்வர்ட் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளரிடமிருந்து. ட்ராய் பற்றி 1984இல் நடந்த ஒரு கருத்தரங்கில் அவர் இந்த வரியை எடுத்துப் பேசினார், 1986இல் அது அச்சில் வந்தது. கிரேக்கப் புலவர் ஹோமரின் காப்பியத்தில் ட்ராய்க்கு இலியோஸ் என்றும் பெயர். அந்தப் பெயருக்கு முன்போ பின்போ 'செங்குத்தான', 'உயர்ந்த' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டு வரும். கிரேக்கத்தில் 'அய்பெய்னே', 'அய்பு' என்ற வடிவங்கள். விலுஸாவும் இலியோஸும் ஒரே ஊர் என்றால், விலுஸாவுக்கு அருகில் நிற்கும் 'அலதி'யும் அதே அடைமொழியாக இருக்கலாமே என்றார் அவர். 'அல-' என்ற சொல் மற்ற இடங்களிலும் 'உயர்ந்த' என்ற பொருளுக்கு இடம் கொடுக்கிறது என்றும் காட்டினார்.

ஓசையும் அவருக்கு உதவியது. நம் யாப்புச் சொற்களில் சொன்னால், அஹ்ஹ, அலதி, அவியெந்த மூன்றும் அகரத்தில் தொடங்குவது மோனை. அலதி, விலுஸதி இரண்டும் ஒரே ஒலியில் முடிவது இயைபு. வினையை நடுவில் போட்டு, அடைமொழியையும் பெயரையும் இரு பக்கமும் பிரித்து வைத்திருப்பது செய்யுளுக்கே உரிய பழக்கம். ஆக இது ட்ராயைப் பற்றிய ஒரு லூவியக் காப்பியத்தின் தொடக்கமாகக்கூட இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அவரே ஊகமாகத்தான் முன்வைத்தார். பிறகு வந்த பத்திரிகைக் கட்டுரைகள் அந்த 'கூட இருக்கலாம்' என்பதை வசதியாக விழுங்கிவிட்டன.

இது சுற்றிச் சுற்றி வருகிற வாதம்தானே?

பாதி அப்படித்தான். ஹோமரைப் போல ஒலிக்கிறது என்பதற்காக 'செங்குத்தான' என்று மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்த்த பிறகு, பார்த்தீர்களா, ஹோமரைப் போலவே இருக்கிறது என்று வியக்கிறோம். போட்ட காசைத் திரும்ப எடுத்துவிட்டு வட்டி கிடைத்தது என்று சொல்வது போலத்தான்.

இன்னொரு ஓட்டை. அந்த அடைமொழி இலியோஸுக்கு மட்டும் சொந்தமில்லை. ஹோமரில் பைலோஸ் நகரமும் செங்குத்தானதுதான், கலிடோன் நகரமும் அப்படியே. கோட்டை கட்டிய ஊரை உயர்ந்தது என்று புகழ எந்த மொழிப் புலவனும் இன்னொருவனைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே, பொருள் 'செங்குத்தான' என்றே உறுதியானாலும், கிரேக்கரும் லூவியரும் ஒரே பாட்டு மரபைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று அதிலிருந்து வந்துவிடாது.

பாதி என்று சொன்னதற்குக் காரணம், மேலே சொன்ன ஓசை வாதம் ஹோமரைச் சார்ந்து நிற்கவில்லை. அது லூவிய வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஓசை, இது செய்யுள் என்று மட்டும்தான் காட்டும். சொல்லின் பொருளை அது காட்டாது.

'கடல்' என்று சொல்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

'அல-' என்பதைக் கடலைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டால், வரி "அவர்கள் கடலிலிருந்து, விலுஸாவிலிருந்து வந்தபோது" என்று ஆகும். இப்படி வாசிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஹிட்டைட்டில் கடலுக்குப் பெயர் 'அருன', அது இந்தச் சொல்லுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் உறவு மொழிகளில் ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் இருப்பது சாதாரணம்.

நிலவியலும் தீர்ப்புச் சொல்லவில்லை. ட்ராய் இருந்த ஹிசார்லிக் ஒரு மேட்டு முனை, அதன் மேல் கோட்டை. ஆகவே 'உயர்ந்த' என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். வெண்கலக் காலத்தில் கடலின் வளைகுடா ஒன்று நகரத்துக்கு அருகே வரை வந்திருந்தது, பிறகு ஆற்று வண்டல் அதை மூடிவிட்டது. ஆகவே 'கடல்' என்பதும் பொருந்தும். இஸ்தனுவாவோ உள்நாட்டில், இன்றைய சக்காரியா ஆற்றின் பக்கத்தில் இருந்ததாகக் கருதப்படுகிறது. உள்நாட்டுக்காரன் பார்வையில் ட்ராயிலிருந்து வருகிறவன் கடல் பக்கத்திலிருந்து வருகிறவன்தான்.

இலக்கணத்தை வைத்துத் தீர்த்துவிட முடியாதா? அடைமொழியா பெயரா என்று தெரிந்தால் போதுமே?

நல்ல கேள்வி, நானும் முதலில் அங்கேதான் போனேன். '-அதி' என்பது வேற்றுமை உருபு. நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருளும் மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளும் லூவியத்தில் இந்த ஒரே உருபுக்குள் அடங்கும். தமிழில் அடைமொழி உருபு ஏற்காது. 'உயர்ந்த ஊரிலிருந்து' என்றால் 'உயர்ந்த' அப்படியே நிற்கும். லூவியத்தில் அடைமொழியும் தான் சார்ந்த பெயரின் உருபையே ஏற்கும். 'உயர்ந்ததிலிருந்து வந்தார்கள் ஊரிலிருந்து' என்று சொல்வது போல.

விளைவு என்ன? இரண்டு சொற்களும் '-அதி'யில் முடிந்தால், ஒன்று மற்றதன் அடைமொழியாகவும் இருக்கலாம், இரண்டும் தனித்தனிப் பெயர்களாகவும் இருக்கலாம். எண்ணும் உதவாது. இந்த உருபு ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே. இலக்கணம் கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

விலுஸா என்பது ட்ராய்தான் என்பதாவது உறுதியா?

பொதுவாக, மிக வலுவான கருத்து. கிரேக்கத்தில் இலியோஸ் என்பது முன்பு 'விலியோஸ்' என்று வகரத்தோடு ஒலித்தது, அந்த வகரம் பின்னாளில் உதிர்ந்தது. கி.மு. 1280ஐ ஒட்டி ஹிட்டைட் மன்னன் இரண்டாம் முவதல்லி விலுஸாவின் அரசன் அலக்ஸந்துவோடு ஒப்பந்தம் செய்துகொண்டான். ட்ராய் இளவரசன் பாரிஸின் இன்னொரு பெயர் அலெக்ஸாந்த்ரோஸ். இந்த ஒற்றுமையை 1924இலேயே கவனித்துவிட்டார்கள். ஆனால் ஊரை வரைபடத்தில் வைக்க முடியவில்லை. இஸ்மிருக்கு அருகிலுள்ள கரபெல் கணவாய்ப் பாறையில் இருந்த லூவியக் கல்வெட்டை ஆய்வாளர் டேவிட் ஹாக்கின்ஸ் வாசித்து 1998இல் வெளியிட்டார். அதில் மிரா நாட்டு மன்னனின் பெயர் இருந்தது. மிராவின் எல்லை தெளிவானதும் விலுஸாவுக்கு வடமேற்கு மூலையே மிஞ்சியது.

ஆனால் உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆப்பெழுத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'ஊர்' என்றோ 'நாடு' என்றோ ஒரு குறி போடுவது வழக்கம். அதை வாசிப்பதில்லை, கண்ணுக்கான அடையாளம் மட்டுமே. நம் வரியில் 'விலுஸதி'க்கு முன்னால் அந்தக் குறி இல்லை. அதனால் இது ஊர்ப் பெயரே இல்லை, ஹிட்டைட்டில் புல்வெளியைக் குறிக்கும் 'வெல்லு'வோடு உறவுள்ள சாதாரணப் பெயர்ச்சொல் என்ற கருத்தும் உண்டு. அப்படியானால் ட்ராயும் போச்சு, ஹோமரும் போச்சு, யாரோ புல்வெளியிலிருந்து வருகிறார்கள். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. பாட்டு வரிகளில் குறியை விட்டுவிடுவது நடக்கக்கூடியதே. ஆனாலும் தட்டிக்கழிக்க முடியாத மறுப்பு.

நீங்கள் 'அலதி' என்று எழுதுகிறீர்கள். தகரத்தை எப்படி உச்சரிப்பது?

'பதி'யில் வரும் தகரம் போல, மெலிந்து. இதில் தமிழ் வாசகருக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி காத்திருக்கிறது. ஹிட்டைட், லூவிய ஆப்பெழுத்தில் வல்லினத்தின் வன்மை மென்மையைத் தனி எழுத்துப் போட்டுக் காட்டுவதில்லை. இரட்டித்து எழுதினால் வன்மை, ஒற்றையாக எழுதினால் மென்மை. 1932இல் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டர்ட்டெவண்ட் இதை ஹிட்டைட்டில் விதியாக வகுத்துக் காட்டினார். 'பத்தி'க்கும் 'பதி'க்கும் நாம் செய்கிற வேறுபாடு அதேதான். வேறு எழுத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு நீளமாக விளக்க வேண்டியது நமக்கு ஒரு வரியில் முடிகிறது.

இந்த உருபின் தகரம் மெலிந்தது என்பதற்குப் பிற்காலக் கல்வெட்டுகள் சாட்சி. அவற்றில் '-அதி' பல இடங்களில் '-அரி' என்று எழுதப்படுகிறது. மெலிந்த தகரம்தான் இப்படி ரகரமாக வழுக்கும்.

'அலதி' கடல் என்றால் அது நம் 'அலை'தானே? லூவியத்தில் தாய்க்கு 'அன்னி' என்று பெயராமே, அது 'அன்னை'தானே?

அதிகம் வந்த கேள்வி இது. ஒரு மாதத்தில் ஆறு பேர். 'அன்னி' என்றால் லூவியத்தில் தாய் என்பது உண்மை, ஹிட்டைட்டில் 'அன்ன'. ஆனால் அம்மாவையும் அப்பாவையும் குறிக்கும் சொற்கள் குழந்தையின் வாய்க்கு எளிதான ஒலிகளில் உலகெங்கும் அமைகின்றன. உறவே இல்லாத மொழிகளில்கூட இவை ஒத்துப்போகும். இவற்றை வைத்து மொழி உறவு காட்டுவதில்லை.

'அலை' விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 'அலதி' கடல் என்பதே உறுதியில்லாதபோது, அதற்கு ஓர் உறவைத் தேடி, அந்த உறவைக் கொண்டே அது கடல்தான் என்று நிறுவினால், மேலே சொன்ன சுற்று வாதம் இன்னொரு சுற்று சுற்றும். ஓரெழுத்து ஈரெழுத்து ஒத்துப்போனால் போதும் என்றால் எந்த இரண்டு மொழியையும் உறவாக்கிவிடலாம். உண்மையான ஓர் இழை வேண்டுமானால் குதிரையைப் பிடியுங்கள். லூவியத்தில் குதிரைக்கு 'அஸுவ'. அதன் உறவு வடமொழியின் 'அச்வ', அது கடனாகத் தமிழுக்கு வந்து 'அசுவம்' ஆனது. உறவு லூவியத்துக்கும் வடமொழிக்கும்தான், நாம் வாங்கியவர்கள்.

ட்ராய் மக்கள் லூவியம் பேசினார்கள் என்பதற்கு இந்த வரி சான்றாகாதா?

ஆகாது. பாடியவர்கள் இஸ்தனுவாக்காரர்கள், பலகை இருந்தது ஹத்துஸாவில். விலுஸாவைப் பற்றி அவர்கள் பாடினார்கள் என்று மட்டுமே சொல்லலாம், அதுவும் விலுஸா ஊர்ப் பெயராக இருந்தால். ட்ராயிலேயே 1995இல் ஒரு சிறு வெண்கல முத்திரை கிடைத்தது. லூவியச் சித்திர எழுத்தில் ஒரு பக்கம் எழுத்தர் ஒருவரின் பெயர், மறுபக்கம் ஒரு பெண்ணின் பெயர். அதைச் சான்றாக நீட்டுகிறார்கள். சட்டைப்பையில் அடங்கும் முத்திரை யாரோடும் எங்கும் பயணப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது கணினி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறதே, இதைக் கண்டுபிடிக்காதா?

உடைந்த துண்டுகளைப் பொருத்துவதில் கணினி உதவும். ஆனால் ஒரு சொல்லின் பொருளைப் பல இடங்களின் சூழலிலிருந்து கறக்க, பல இடங்கள் வேண்டும். மாடு இல்லாமல் கறக்கும் கருவி மட்டும் இருந்து பயனில்லை.

புதிய பலகை வந்தால் கதை வேறு. போகாஸ்கோய் ஊரில் தோண்டுவது நிற்கவில்லை. 2023இல்கூட ஒரு ஹிட்டைட் சடங்குப் பலகையின் நடுவிலிருந்து அதுவரை அறியாத ஒரு மொழி, கலஸ்மா நாட்டு மொழி, வெளியே வந்தது.

அப்படியானால் நான் மேற்கோள் காட்டும்போது எப்படி எழுதுவது?

"செங்குத்தான(?) விலுஸாவிலிருந்து அவர்கள் வந்தபோது" என்று, கேள்விக்குறியோடு. அச்சகத்தில் அந்தக் கேள்விக்குறியைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடுவார்கள், எனக்கு ஒருமுறை நடந்தது. ஆகவே பக்கத்திலேயே ஒரு வாக்கியமும் சேர்த்துவிடுங்கள். என் சொந்தச் சாய்வைக் கேட்டால், பத்துக்கு ஆறு 'உயர்ந்த' பக்கம். அந்த ஆறில் எவ்வளவு ஹோமர் மேலுள்ள ஆசை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வேறெங்கும் இந்தச் சொல் இல்லையா? கடைசியாக ஒரு துப்பு?

அதே பலகையில், மூன்றே வரி தள்ளி, இன்னொரு பாட்டின் தொடக்கம் இருக்கிறது. அதுவும் 'அலதி'யில்தான் தொடங்குகிறது. "அலதி-த்த அஹ்ஹ மனிதன் அவித", அதாவது "அலதி... மனிதன் வந்தபோது". 'மனிதன்' என்ற இடத்தில் சுமேரியக் குறி போட்டு, லூவிய ஈற்றை மட்டும் ஒட்டியிருக்கிறார் எழுத்தர். முதல் வரியின் அமைப்பே இதிலும் இருக்கிறது. 'அவித', அதாவது 'வந்தான்', என்ற வினைக்குப் பிறகு, முதல் வரியில் 'விலுஸதி' நின்ற இடத்தில் இங்கே வேறோர் ஊரின் பெயர் இருந்திருந்தால் 'அலதி' பல ஊர்களுக்குப் பொதுவான அடைமொழி என்ற பக்கம் தராசு சாயும். ஒன்றுமே இல்லாமல் வரி அங்கேயே முடிந்திருந்தால் 'அலதி' தனியாக நிற்கும் பெயர்ச்சொல், கடல் கட்சிக்குக் கொண்டாட்டம்.

'அவித' என்ற சொல்லோடு பலகை உடைந்திருக்கிறது.